ரோண்டா ஹோல்ம் இறக்கவில்லை என்ற தீர்மானம்

ரோண்டா ஹோல்ம் இறக்கவில்லை என்று நாடகக் கொலைகள் ஆய்வுக் கழகம் தன் வசந்தகாலக் கூட்டத்தில் பெரும்பான்மை வாக்குகளால் முடிவு செய்தது. அவள் இறந்து அப்போது நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஆல்டர் பே ஊரின் லூதரன் தேவாலயத்துக்குப் பின்னால் அவள் பெயர் பொறித்த கல் ஒன்று இருந்தது. கழகத்தின் சந்தேகம் அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. உண்மையாகவே செத்த ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு நல்ல கல்லை யார் வைப்பார்கள் என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கழகம் ஆதாரம் என்று அழைத்தது.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். படகுத்துறைக் கொலைகாரன் என்று பத்திரிகைகள் பெயர் வைத்த ஒருவன், வாஷிங்டன் மாநிலத்தின் கரையோரத் துறைகளில் படகுக்காகக் காத்து நின்ற பெண்களைக் கொன்றான். பிடிபட்டான். ஒப்புக்கொண்டான். கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொன்னான். சிறையிலேயே செத்துப்போனான். கழகத்துக்கும் இதெல்லாம் தெரியும். நிஜக் கொலைகாரனாக இருந்தால் மறுத்திருப்பான் என்பது அவர்கள் வாதம்.

அரசாங்கம் நடத்திய நாடகம் அது. இதில் கழகத்துக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எதற்காக நடத்தியது என்பதில்தான் வேறுபாடு. பூட்டுக் கம்பெனிகள் பிழைக்கவேண்டும் என்பதற்காக என்றது ஒரு பிரிவு. பெண்கள் சாலையோரம் கட்டைவிரலை நீட்டி, முன்பின் தெரியாதவர்களின் காரில் ஏறும் பழக்கத்தை ஒழிப்பதற்காக என்றது இன்னொரு பிரிவு. கொலைகள் நிஜம், கொலைகாரன் மட்டும்தான் நடிகன் என்று மூன்றாவதாகச் சிலர் சொன்னார்கள். அவர்களைக் கழகம் வெளியேற்றிவிட்டது. மனித உயிரைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள் என்பது அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம்.

தன் அக்கா இறக்கவில்லை என்ற செய்தி நொரீனுக்கு அவளுடைய அம்மா மூலமாகத்தான் வந்தது.

நொரீன் ஹோல்ம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்து வாரத்தில் மூன்று நாள் அம்மாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போவாள். தலை சீவி விடுவாள், நகம் வெட்டி விடுவாள், ஊர்க்கதை சொல்லுவாள். அன்றைக்கு அவள் போனபோது, அம்மா ஆல்மா சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் சால்மன் மீனும் மசித்த உருளைக்கிழங்கும் ஆறிப்போய் இருந்தன.

"அம்மா, சாப்பிடலயா?"

"அவ வரட்டும்."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேட்காத. ரோண்டா."

நொரீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, ரோண்டா செத்துட்டா. நாமதானே அடக்கம் பண்ணினோம்."

"இப்படித்தான் சொல்லுவேன்னு ஷெர்லீன் சொன்னா. உன்னை அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்களாம்."

ஷெர்லீன் கழகத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சை கேக்கோடு முதியோர் இல்லத்துக்கு வந்து, ஆல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அந்த இல்லத்தில் இருந்த எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும்.

ஆல்மா அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கொஞ்சம் காபி, அவ்வளவுதான். மகள் வருகிறபோது இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்தாள். பேருந்து ஓட்டுகிறவள் வந்து கரண்டியை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று மருத்துவர் நொரீனிடம் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னார். ஆல்மா யார் பேச்சையாவது கேட்பாளா என்று கேட்டார். நொரீன் யோசித்துப் பார்த்தாள். அம்மா இப்போது ஒரே ஒரு கூட்டத்தின் பேச்சைத்தான் கேட்பாள். அவர்களில் ஒருத்தராவது வந்து, நாங்கள் சொன்னது தப்பு, ரோண்டா செத்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்லவேண்டும். அதற்காகத்தான் அவள் அந்தச் சனிக்கிழமை கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனாள்.

கூட்டம் எல்க் மான் தலை மாட்டிய பழைய சங்க மண்டபத்தில். வாசலில் மேசை போட்டு ஷெர்லீன் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க கண்ணு. உறுப்பினரா, விருந்தாளியா, பாத்திரத்தோட குடும்பமா?"

"பாத்திரமா?"

"அதான், செத்த மாதிரி நடிச்சவங்க. அவங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்றோம்."

"ரோண்டா ஹோல்மோட தங்கச்சி நான்."

ஷெர்லீன் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "அடேயப்பா, ரோண்டாவா! எங்க எல்லாருக்கும் அவளை உசுரு. போன வருஷம் சிறந்த நடிப்புக்கான கேடயம் அவளுக்குத்தான் குடுத்தோம். வாங்கிக்க ஆள் வரல, என் வீட்லதான் தொடச்சு தொடச்சு வச்சிருக்கேன். இன்னிக்குக்கூட கொண்டாந்திருக்கேன், வந்தாலும் வந்துடுவான்னு."

"எங்க அம்மாகிட்ட போய் அவ உயிரோட இருக்கான்னு சொன்னீங்களே, அவங்க சாப்பிடறதையே விட்டுட்டாங்க."

"ஆனா முகத்தைப் பாத்தீங்களா? எவ்வளவு சந்தோஷம்! இத்தனை வருஷத்துல ஒருத்தராவது அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தி சொன்னீங்களா? நீங்க சொன்னீங்களா?"

நொரீன் வாய் திறப்பதற்குள் அவள் சட்டையில் ஷெர்லீன் நீல நாடா ஒன்றைக் குத்திவிட்டாள். பாத்திரத்தின் குடும்பத்தாருக்கான நாடா. அதை அணிந்தவர்கள் காபி குடிக்கலாம், கேக் சாப்பிடலாம், பேசக் கூடாது.

கழகத்தின் தலைவர் பிக்ஸ்பி உயரமானவர், நிதானமானவர், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டே இருப்பவர். நொரீன் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"உங்க வருத்தம் புரியுதும்மா. முப்பது வருஷம் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில கோரிக்கைகளைச் சரிபாத்தவன் நான். எத்தனையோ குடும்பங்களைப் பாத்திருக்கேன். ஆனா என் மேசைக்கு வந்த ஒரு சாவைக்கூட முதல் தடவையில நான் ஒத்துக்கிட்டதில்ல. விதவைங்க வந்து அழுவாங்க. அழுகையை வச்சு என்னத்த முடிவு பண்றது? போய் வேற ஆதாரம் கொண்டு வாங்கன்னு அனுப்பிடுவேன். பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டாங்க. உண்மையில செத்திருந்தா வந்திருப்பாங்கல்ல?"

"செத்தவங்களா?"

"குடும்பம். ஓய்வு பெற்றதுக்கு அப்புறமும் அந்தப் பழக்கம் போகல. என் மனைவி தவறினப்ப அக்கம்பக்கத்துல எல்லாரும் அழுதாங்க. நான் அவசரப்படல. மூணு நாள் பொறுத்துப் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டேன். அப்பவும் எழுத்துல இல்ல."

அம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று நொரீன் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி தலையை ஆட்டினார்.

"கழகம் தீர்மானம் போட்டுச் சொன்ன விஷயத்தை, தீர்மானம் போட்டுத்தான் மாத்த முடியும். தீர்மானத்தை உறுப்பினர்தான் கொண்டுவர முடியும். நீங்க உறுப்பினர் இல்ல."

"அப்போ உறுப்பினராச் சேர்த்துக்கோங்க."

"உறுதிமொழி எடுக்கணுமே."

உறுதிமொழியை ஷெர்லீன் மனப்பாடமாகச் சொல்ல, நொரீன் பின்னால் சொல்லவேண்டும். யாரும் கொல்லப்படவில்லை என்று நம்புகிறேன். கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுபவர்கள் எங்கோ நலமாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் திரும்பி வரும் நாளில், இவ்வளவு காலம் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன்.

கடைசி வரிக்கு வந்ததும் நொரீன் தொடப்படாத தட்டை நினைத்துக்கொண்டாள். சொல்லிவிட்டாள். நீல நாடாவை எடுத்துவிட்டுப் பச்சை நாடா குத்தினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"இனி நான் பேசலாமா?"

"காது முடிஞ்சதும்," என்றார் பிக்ஸ்பி.

காதுதான் கழகத்தின் அறிவியல். முகத்தை வெட்டித் தைக்கலாம், மூக்கை மாற்றலாம், பல்லைப் பிடுங்கிப் புதிதாக வைக்கலாம். காது மட்டும் பிறந்தபடியே இருக்கும் என்பது அவர்கள் கண்டது. அரசாங்கம் தன் பழைய நடிகர்களையே உளவாளிகளாகக் கழகத்துக்குள் அனுப்பக்கூடும் என்பதால், புது உறுப்பினர் ஒவ்வொருவரின் காதும் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கொலையுண்ட பெண்களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். அந்தப் பொறுப்பு டெல்பர்ட் என்ற கிழவருடையது. வாழ்நாளெல்லாம் நாய்க் கண்காட்சிகளில் நடுவராக இருந்தவர். நொரீனின் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். பழக்கதோஷத்தில் உதட்டைத் தூக்கிப் பல்லையும் பார்த்தார்.

"நல்ல பராமரிப்பு," என்றார்.

பிறகு அளவுகோலைக் காதில் வைத்தார். சுவர்ப் படங்களைப் பார்த்தார். திரும்ப அளந்தார்.

"தலைவரே, இங்க வாங்க. மடல் கன்னத்தோட ஒட்டியிருக்கு. மேல் மடிப்புல ஒரு நெளிவு. வலப்பக்கம் கொஞ்சம் முன்னால சாஞ்சிருக்கு." அவர் ரோண்டாவின் பள்ளிப் படத்தைக் காட்டினார். "இந்தக் காதும் அந்தக் காதும் ஒரே காது."

மண்டபம் முழுக்க நாற்காலிகள் நகரும் சத்தம்.

"ஒரே அப்பா, ஒரே அம்மா," என்றாள் நொரீன். "காது ஒரே மாதிரிதான் இருக்கும். தங்கச்சின்னு வாசல்லயே சொன்னேனே."

"பாருங்க," என்றார் பிக்ஸ்பி, கூட்டத்தைப் பார்த்து, மெதுவாக. "பதிலைத் தயாரா வச்சிருக்காங்க."

நொரீன் என்ற பெயரில் வந்திருப்பவர் ரோண்டா ஹோல்ம்தான் என்று டெல்பர்ட் முன்மொழிந்தார். பின்வரிசையிலிருந்து யாரோ வழிமொழிந்தார்கள். நொரீன் எழுந்து கையைத் தூக்கினாள்.

"உட்காருங்க," என்றார் பிக்ஸ்பி. "தீர்மானம் யாரைப் பத்தினதோ அவங்க அதுல பேசக் கூடாது. சுயநலம் வந்துடும்."

"என் தரப்பை அப்போ யாரு பேசறது?"

"உங்க குடும்பத்துல யாராவது பேசலாம்."

"எங்க குடும்பத்துல நானும் அம்மாவும்தான் மிச்சம்."

"அம்மா உறுப்பினரா?"

"இல்ல."

"பாவம்," என்றார் பிக்ஸ்பி, உண்மையான வருத்தத்தோடு.

நொரீன் கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினாள். பெயர், பிறந்த தேதி, படம் எல்லாம் இருந்தன. பிக்ஸ்பி அதை ஓரத்தில் பிடித்துக்கொண்டு, "இதை யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

"மாநில அரசு."

மண்டபம் சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்பார்களே, அப்படி.

அப்போது ஓட்டிஸ் என்பவர் எழுந்து, "இந்தம்மா ரோண்டா இல்ல," என்றார். நொரீன் நன்றியோடு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரோண்டா அரிசோனாவுல வீடு வித்துக்கிட்டு இருக்கா," என்று தொடர்ந்தார் ஓட்டிஸ். "நானே போன்ல பேசினேன். குளியலறை எத்தனைன்னு கேட்டேன், ரெண்டுன்னா. அவ குரலேதான்."

"ரோண்டா குரலை நீங்க முன்னாடி கேட்டிருக்கீங்களா?" என்றாள் நொரீன்.

"எப்படிக் கேட்க முடியும்? இத்தனை வருஷமா ஒளிச்சு வச்சிருக்காங்களே. அதனாலதான் கேட்ட உடனே தெரிஞ்சுது."

நொரீனால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. விதியை மறந்தாள். நின்றுகொண்டே பேச ஆரம்பித்தாள். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அவளைப் பாத்து அடையாளம் சொன்னது நான். எனக்குப் பதினாறு வயசு. அப்பாவால அந்தப் பிணவறைத் தாழ்வாரத்துல நடக்க முடியல, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். நான்தான் உள்ள போனேன். முகத்தைப் பாக்க வேண்டாம்மான்னு சொல்லி, துணிக்கு வெளிய ஒரு கையை மட்டும் எடுத்துக் காட்டினாங்க. சுண்டு விரல் நகத்துல மட்டும் பச்சைச் சாயம். நான் பூசினது. அன்னிக்குப் படகுக்குக் கிளம்பற நேரத்துல, அவ என் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டான்னு சண்டை. சண்டை போட்டுக்கிட்டே பூசிவிட்டேன். ஒரு விரல் முடிஞ்சதும் கையை உதறிட்டு, போடி பிசாசுன்னு சொல்லிட்டு ஓடிட்டா. மத்த நகம் எல்லாம் வெறுசா இருந்துச்சு. அது என் அக்கா கை. சாயம் காயறதுக்கு ஊதிவிட்ட வாயால நான் அதைச் சொன்னேன். ஆமா, இவதான்னு சொன்னேன்."

எல்க் மானின் கண்ணாடிக் கண்கள்கூட அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாக, எல்லாரும் நின்று கை தட்டினார்கள். சிலர் விசில் அடித்தார்கள். ஷெர்லீன் தேம்பிக்கொண்டே முன்னால் வந்து கேடயத்தை நொரீனின் கையில் திணித்தாள்.

"இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் பாத்திரத்தை விட்டு வெளிய வரல," என்றார் பிக்ஸ்பி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எத்தனையோ விதவைகளைப் பாத்தவன். ஒருத்தியும் இவ்வளவு சுத்தமா செஞ்சதில்ல."

டெல்பர்ட் கையைத் தூக்கினார். "இன்னொண்ணு தலைவரே. பச்சைச் சாயம் விஷயம் எந்தப் பத்திரிகையிலயும் வரல, நீதிமன்றத்திலயும் வரல. நம்ம கோப்புல எதுலயும் இல்ல. அது யாருக்குத் தெரிஞ்சிருக்க முடியும்? ரோண்டாவுக்கு மட்டும்தான்."

அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஓட்டிஸ் மட்டும் எதிர்த்தார். அரிசோனா என்ற சொல்லையும் கூட்டக் குறிப்பில் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கையில் கேடயத்தோடு நின்ற நொரீனுக்கு அப்போது ஒரு வழி தெரிந்தது. அது அவளாகவே கண்டுபிடித்த வழி, அவர்கள் யாரும் சொன்னதில்லை.

"எங்க அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றாள். "நான் யாருன்னு அவங்க சொல்லட்டும். பெத்தவங்க சொன்னா ஏத்துப்பீங்களா?"

பிக்ஸ்பி விதிகளைப் புரட்டினார். பெற்றவளின் சாட்சிக்கு மேல் சாட்சி இல்லை என்று இருந்தது. அதை எழுதியவர்கள், சாட்சி சொல்ல எந்தத் தாயும் வரமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதியிருக்கவேண்டும்.

"ஆல்மா உங்களை ரோண்டா இல்லன்னு சொல்லிட்டா?"

"காது தப்புன்னு ஆகும். காது தப்புன்னா எல்லாமே தப்பு. அதை நீங்க அங்கயே, அவங்க முன்னாலயே சொல்லணும். ரோண்டா செத்துட்டான்னு சொல்லணும்."

"சொல்லுவேன்," என்றார் பிக்ஸ்பி. "வாக்கு. எழுத்துலயே தர்றேன்."

நொரீனுக்கு அன்றைக்கு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. வாரத்தில் மூன்று நாள் தலை சீவி விடுகிறவளை அம்மாவுக்கா தெரியாது?

கார்கள் வரிசையாகக் கிளம்பின. மழை தூறிக்கொண்டிருந்ததால் பகலிலேயே முன்விளக்குகளைப் போட்டுக்கொண்டார்கள். சவ ஊர்வலம் என்று நினைத்து, எதிரில் வந்த வண்டிகள் ஓரம் கட்டி மரியாதையோடு நின்றன. ஒரு லாரிக்காரன் தொப்பியைக் கழற்றினான். பிக்ஸ்பி அவனுக்குச் சன்னலிலிருந்து கையசைத்தார்.

ஆல்மா தன் அறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையெல்லாம் எலும்பு. மடிமேல் பலகை, பலகைமேல் மதியச் சாப்பாடு. மீனின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. கழகத்தார் அறைக்குள் நுழைந்து சுவர் ஓரமாக நின்றார்கள். இடம் போதாதவர்கள் தாழ்வாரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஷெர்லீன் கேக் பெட்டியைக் கட்டில்மேல் வைத்தாள்.

"சாட்சியை யாரும் தூண்டக் கூடாது," என்று பிக்ஸ்பி எல்லாரையும் எச்சரித்தார். நொரீனிடம் திரும்பி, "நீங்க வாயே திறக்கக் கூடாது," என்றார்.

"ஆல்மா," என்றாள் ஷெர்லீன், "நீங்க காத்துக்கிட்டு இருந்த ஆளு வந்தாச்சு. பாருங்க."

ஆல்மா மெதுவாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். புரை விழுந்த கண்கள். நொரீனின் முகத்தில் வந்து நின்றாள். நொரீன் தலை சீவி விட வரும் நாட்களில் சிரிப்பதுபோலவே சிரித்தாள்.

"கிட்ட வா."

நொரீன் குனிந்தாள். அம்மாவின் விரல்கள் அவள் கன்னத்தைத் தடவி, காதுக்குப் போய், மடலைப் பிடித்துக்கொண்டன. நடுங்காமல் பிடித்துக்கொண்டன.

"வந்துட்டியா?" என்றாள் ஆல்மா. "எவ்வளவு நேரம்டி படகு?"

டெல்பர்ட்டின் விம்மல் கேட்டது. தாழ்வாரத்தில் யாரோ "பேரு, பேரைச் சொல்லச் சொல்லுங்க," என்றார்கள்.

"ரோண்டா," என்றாள் ஆல்மா, அவர்களிடம் அல்ல.

"அம்மா, நான்..."

"ஒண்ணும் சொல்லாத. எங்க போனேன்னு நான் கேட்கப்போறதில்ல. முதல்ல உட்காரு. நிக்கிறதைப் பாத்தா மறுபடி ஓடிடுவ போல இருக்கு."

நொரீன் உட்கார்ந்தாள். ஆல்மா முள்கரண்டியை எடுத்தாள். உருளைக்கிழங்கை ஒரு வாய் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். மீனைப் பிட்டாள். பல நாள் பசி அவள் கையில் தெரிந்தது. வாயிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த வாயை வைத்தாள். நொரீன் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"நீ இல்லாதப்ப இங்க ஒருத்தி வருவா," என்றாள் ஆல்மா, மென்றுகொண்டே. "நொரீன்னு. பஸ் ஓட்டறவ. கெட்டவ இல்ல, எல்லாம் செய்வா. தலை சீவுவா, நகம் வெட்டுவா. ஆனா எனக்கு ஒட்டவே ஒட்டல. சின்ன வயசுல இருந்தே ஒட்டல. அவளைப் பாக்கறப்பெல்லாம், நீ போயிட்ட, இவ இருக்காளேன்னு தோணும். பெத்த பொண்ணைப் பத்தி இப்படி நினைக்கிறோமேன்னு என்னையே திட்டிக்குவேன். இப்பத்தான் விளங்குது."

"என்ன விளங்குது ஆல்மா?" என்றாள் ஷெர்லீன், பேனாவோடு.

"அவ என் பொண்ணு இல்ல."

பிக்ஸ்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போதுமான உறுப்பினர்கள் இருப்பதால் கூட்டம் தொடர்வதாக அறிவித்தார். அவர் குரலில் ஒரு கனிவு வந்திருந்தது.

"ஒரு சிக்கல் பாக்கி இருக்கு. இவங்க ரோண்டான்னு முடிவாயிடுச்சு. அப்போ நொரீன் யாரு? ஒரே ஆள் ரெண்டு பேரா இருக்க முடியாது. விதியில இடமில்ல."

நொரீன் ஹோல்ம் என்ற பெயரில் யாரும் பிறக்கவில்லை, அது அரசாங்கம் எழுதிய ஒரு பாத்திரம் என்று டெல்பர்ட் முன்மொழிந்தார்.

"வழிமொழிய யாரு?"

ஷெர்லீன் குறிப்பு எழுதுகிறவள்; அவள் வழிமொழியக் கூடாது. தன் ரோண்டா அரிசோனாவில் இருப்பதால் இதில் தனக்குக் கருத்து இல்லை என்று ஓட்டிஸ் சொன்னார். மற்றவர்களின் வாயில் எலுமிச்சை கேக் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரும் வழிமொழியலன்னா இது விழுந்துடும்," என்றார் பிக்ஸ்பி. "இது விழுந்தா மத்தியானம் போட்டதும் விழும். அப்புறம் நானே ஆல்மாகிட்ட சொல்லணும், இது ரோண்டா இல்ல, ரோண்டா செத்துட்டான்னு. வாக்கு குடுத்திருக்கேன். கடைசியாக் கேட்கறேன். வழிமொழிய யாரு?"

அவள் கேட்டு வந்தது அதுதான். அதற்கு நொரீன் ஒன்றுமே செய்யவேண்டியதில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆல்மாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஏன் யாரும் பேசல?" அவள் நொரீனின் காதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை எட்டவில்லை. "ரோண்டா, என்ன சொல்றாங்க? உன்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போறாங்களா?" கரண்டியிலிருந்து உருளைக்கிழங்கு நழுவி மடியில் விழுந்தது. ஆல்மா கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். தட்டைத் தள்ளினாள்.

"வழிமொழிகிறேன்," என்றாள் நொரீன்.

பிக்ஸ்பி தலையை ஆட்டினார். எதிர்ப்பு உண்டா என்று கேட்டார். இல்லை. ஷெர்லீன் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"வழிமொழிஞ்சது யாருன்னு போடட்டும் கண்ணு?"

நொரீன் கரண்டியைத் துடைத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ரோண்டான்னு போடுங்க," என்றாள்.

ஆல்மா மிச்ச மீனை வாயில் வைத்தாள்.